கழுவிக்கொண்டு வந்த கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் அன்று அழுக்குக் காலோடு யாரும் வந்ததில்லை. ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூர்ந்து, அன்று மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் மத்தியானமே வீட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, சிலர் பவுடர்கூடப் போட்டு, தூசு படாமல் ஆட்டோ பிடித்து வருவார்கள். பீடத்துக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டுவார்கள். சாமியார் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தி செய்வார்; முத்தமிடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கழுவுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன், போன வருடம் வரைக்கும் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை.

நான் ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் தெரு அன்பியத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிற முப்பது நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபமாலை சொல்லி, வாசகம் படித்து, டீ குடித்து, யார் வரவில்லை என்று பேசிவிட்டுக் கலைவோம். வருகைப் பதிவேடு எழுதுவது என் பொறுப்பு. வந்தவருக்கு டிக், வராதவருக்குப் பெருக்கல் குறி. ஆபீஸ் புத்தி போகுமா? ஒரு கட்டத்தைக்கூட காலியாக விட்டதில்லை.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் வாரம் சாமியார் ஓர் அறிவிப்புச் செய்தார். பங்கில் இருப்பது பன்னிரண்டு அன்பியம். இந்த முறை அன்பியத்துக்கு ஒருவராக, விசுவாச வாழ்வில் எடுத்துக்காட்டாக இருப்பவரைக் கால் கழுவும் சடங்குக்கு அனுப்ப வேண்டும். வழக்கம்போல ஆண்கள்தான். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் அன்பியத் தலைவர் பேச்சை ஆரம்பிக்கும் முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்.

"ஐஸ்காரன் பேர எழுதுங்க."

டீ கொண்டுவந்த வீட்டுக்காரம்மா தட்டோடு அப்படியே நின்றாள்.

ஐஸ்காரன் எங்கள் தெருக்கோடியில் ஓர் அறை வீட்டில் தனியாக இருப்பவன். நாற்பத்தைந்து வயது. இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்ததோடு அவன் கல்யாணம் நின்றுபோயிற்று. காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, மெஷினில் விட்டு நொறுக்கி, படகுக்கும் வேனுக்கும் வாரிக் கொட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் மீன் வியாபாரம் மூச்சுவிட நேரமில்லாமல் நடக்கும். நாங்களெல்லாம் பட்டுப்புடவையில் பூசைக்குப் போகும் நேரத்தில் அவன் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் நின்றுகொண்டிருப்பான். எப்போதாவது வேலை முடிந்து வந்தால் கோயிலுக்குள் நுழையமாட்டான். மீன் வாடை என்று வெளியே மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கூலி இல்லாதது. எங்கள் பக்கத்து நாலைந்து தெருவில் ஆண் யார் இறந்தாலும் உடம்பைக் குளிப்பாட்டுவது அவன்தான். சொந்தப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கும்போது அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். கொரோனா ஊரடங்கில் என் வீட்டுக்காரர் இறந்தார். அந்த நோய் இல்லை, மாரடைப்பு. அதை யார் நம்பினார்கள்? எதிர்வீட்டு ஜன்னலை டப்பென்று சாத்தியது எனக்குக் கேட்டது. அன்பியத்தார் எல்லாரும் போனில் கைகூப்புகிற படம் அனுப்பினார்கள். ஐஸ்காரன் மட்டும் வாசலில் வந்து நின்று, "யக்கா, சுடுதண்ணி வெக்கிறியா?" என்று கேட்டான்.

உயிரோடு இருக்கிற ஆளிடம் பேசுவதுபோல அவரிடம் பேசிக்கொண்டே குளிப்பாட்டினான். "நைனா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. அவ்ளோதான், முட்ச்சிட்டோம்." கால்விரல் இடுக்கில்கூட ஈரம் இல்லாமல் துடைத்து, சாக்ஸ் மாட்டிவிட்டான். பிறகு தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, நான் நீட்டிய காப்பியைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

தலைவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலைப் பூசை. ஜெபமாலை சொல்லும்போது முட்டி போட்டுப் போட்டு முட்டி தேய்ந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் நல்லவர், அதுதான் எரிச்சல்.

"யம்மா, உன் ரிஜிஸ்டர எடு," என்றார்.

எடுத்தேன். விரலை வைத்து ஐஸ்காரன் பெயர் இருந்த வரியில் ஓட்டினார். வருடம் முழுக்கப் பெருக்கல் குறி. நடுவில் மூன்றே மூன்று டிக். எல்லாம் என் கையெழுத்து, கோணாமல் மாணாமல் போட்டது.

"இத்த வெச்சிகினு எப்டிம்மா அவன் பேர குடுக்கறது? பூசைக்கும் வர்றதில்ல. ஞாயித்திகெழம வேலன்னா, சனிக்கெழம சாய்ந்தரப் பூச இல்லியா? பூசைல நன்ம அப்பம் வாங்கி எத்தினி வர்ஷம் ஆவுது?"

"செத்தவங்களுக்கு அவன் செய்றது கணக்குல இல்லியாண்ணே?"

"நல்லது செய்றவன் ஊர்ல ஆயிரம் பேரு கீறான். கட்சிக்காரன்கூடத்தான் மோர்ப் பந்தல் போட்றான். அவனையும் இட்டாந்து குந்த வெப்பியா? இது விசுவாசத்துக்குக் குடுக்குற மரியாத."

"விசுவாசம் இன்னா ஜாடில போட்டு வெச்ச ஊறுகாயா, மூடிய தொறந்து கீதா இல்லியான்னு பாக்க?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம செய்ற நல்லதாலயே கர ஏறிடலாம்னா, ஆண்டவர் சிலுவைல தொங்குனது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது என் வழக்கம். உயர்த்தினேன். சமோசா ஆறிப்போனது. கடைசியில் சாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று கலைந்தோம்.

சாமியார் சின்ன வயது. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார். விசுவாசம் வேர், நற்செயல் கனி, இரண்டையும் பிரிக்கக் கூடாது என்றார். சரி, வேர் மண்ணுக்குள் இருக்கிறது, கனி கண்முன்னால் இருக்கிறது, கனியைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். "அவரை என்கிட்ட வந்து பாவத்தையெல்லாம் சொல்லி ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுங்கம்மா. மீதி இருக்கற சனிக்கிழமையெல்லாம் பூசைக்கு வரட்டும். எனக்கு எந்த ஆட்சேபமும் இல்ல," என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலை கேட்டுப் போனவனுக்குச் சான்றிதழ் எடுத்துவரச் சொன்ன மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இத்தனைக்கும் ஐஸ்காரனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவன் பயந்துபோனான்.

"ஐயோ, நான் எங்கக்கா அங்க போயி? விசுவாசம்லாம் உங்களாட்டம் படிச்சவங்களுக்கு. எனுக்கு மந்திரமே பாதிதான் தெரியும்."

"அப்ப எதுக்குடா எல்லார் வூட்டுப் பொணத்தையும் குளிப்பாட்டிகினு கீற?"

"யாராவது செய்யணும்ல," என்றான்.

இதைத் தலைவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஆண்டவருக்காகச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? எனக்கு அவன் மேலும் எரிச்சல் வந்தது. நாலு நாள் அவன் வீட்டு வாசலில் நின்று பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டுச் சொல்கிற மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தேன். வேலை முடிந்து கண் சொருகுகிற நேரத்தில் நின்றுகொண்டே சொன்னான். பாதியில் தூங்கி விழுந்தான். நான் அதட்டி எழுப்பினேன். அவனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு அப்போது கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன வரிசையில் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அப்படியும் அவனுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆள் இடைவெளி விட்டுத்தான் மற்றவர்கள் நின்றார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். நான் கேட்கக் கூடாது, அவனே சொன்னான்.

"ஞாயித்துக்கெழம யாரும் சாவக் கூடாது ஆண்டவரேன்னு வேண்டிக்குவேன்க்கா, வேலயில லீவு குடுக்க மாட்டான்ல. அது பாவமான்னு கேட்டேன். ஃபாதரு, இதுவரிக்கும் எத்தினி பேர குளிப்பாட்டிகீறன்னு திருப்பிக் கேட்டாரு. எண்ணிச் சொல்ல நேரமாயிடிச்சி."

பெயர் எழுதியாயிற்று. தலைவரும் கையெழுத்துப் போட்டார்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஒத்திகை. பன்னிரண்டு நாற்காலி போட்டு, யார் எந்த வரிசையில் வருவது, எப்போது செருப்பைக் கழற்றுவது என்று சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அவனும் கழற்றினான்.

அந்தக் காலை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆனால் பளிங்குத் தரையில், டியூப் லைட் வெளிச்சத்தில், பதினொரு ஜோடிக் காலுக்கு நடுவில் அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப்போன சேற்றுப்புண். குதிகாலில் பித்தவெடிப்பு, அதற்குள் கறுப்பாக ஏறிக் கிடந்த டீசலும் மண்ணும். ஐஸ் பார் விழுந்து நசுங்கிய கட்டைவிரலில் நகமே இல்லை. மற்ற நகங்கள் கறுத்துத் தடித்திருந்தன. முன் பெஞ்சில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

தலைவர் என்னைத் தூணுக்குப் பக்கம் கூப்பிட்டார். "ஃபாதர் நாளிக்கு அத்த முத்தி செய்யணும்மா. நீ இட்டாந்த ஆளு, நீயே பதமா சொல்லிடு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கழுவுவதற்குத்தானே கால், கழுவின காலைக் கழுவ எதற்கு ஒரு பூசை, ஒரு பாட்டு, ஒரு தட்டு என்று கேட்டேன். கோயில் என்று பார்க்காமல் கத்தினேன். பூ கட்டின பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். நாளைக்கு இந்தக் கோயில் நிறைந்து வழியும். அன்பியத்தார், என் நாத்தனார் குடும்பம், என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வருவார்கள். இவள் பிடித்துக்கொண்டு வந்த ஆள் இவன்தானா என்று பார்ப்பார்கள்.

வெளியே வந்தேன். அவன் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

"நாளிக்கு வரும்போது கால நல்லா தேச்சு கழுவிகினு வா," என்றேன்.

யார் சொன்னார்கள்? தலைவர் வந்து அவனிடம் சொல்லவில்லை. சாமியார் சொல்லவில்லை. நான் சொன்னேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை, ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். "சரிக்கா," என்றான்.

வியாழன் மாலை மற்றவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புப் பட்டை. பூசைக்கு மணி அடித்த பிறகுதான் அவன் வந்தான். பாதத்தை முழுதாக ஊன்றாமல், ஓரத்தில் ஊன்றி ஊன்றி நடந்து வந்தான். புதுச் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தான்.

சாமியார் பூசை உடையைக் கழற்றிவைத்து, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டே வந்தார். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. உபதேசியார் தட்டைப் பிடித்துக்கொண்டார். பதினோராவது கால் வரைக்கும் தட்டில் விழுந்த தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாக இருந்தது.

பன்னிரண்டாவது கால் சிவந்திருந்தது. கறுப்பும் இல்லை, வெடிப்பில் மண்ணும் இல்லை. பல இடங்களில் தோலே இல்லை. தண்ணீர் பட்டதும் அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டான். தட்டில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது. சாமியார் துண்டை எடுத்தவர் நிறுத்திவிட்டார். பிறகு துடைக்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தார். வெள்ளைத் துண்டில் திட்டுத் திட்டாக ரத்தம். அவர் குனிந்து முத்தி செய்தார், எழுந்திருக்க நேரம் ஆயிற்று. அதற்குள் பாட்டு முடிந்துபோயிருந்தது.

ஐஸ்காரன் கூட்டத்தில் என்னைத் தேடினான். பார்த்ததும் சிரித்தான். கால் சுத்தமாக இருக்கிறதல்லவா என்று கேட்கிற சிரிப்பு அது. நான் தலையாட்டினேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. ஒரு மணிக்கு மெடிக்கலில் களிம்பு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு காலையும் அதன்மேல் நீட்டி, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். எந்தக் காலைக் கழுவுவார்கள் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அதனால் இரண்டையும் தேய்த்திருக்கிறான்.

"சோப்புக்குப் போவலக்கா. பிளீச்சிங் பவுடர் கரச்சி ஊற வெச்சேன். அப்பால போட்ல பெயிண்டு சொரண்டுவாங்கல்ல, அந்தக் கம்பி பிரஷ்ஷு. கருப்பெல்லாம் போச்சு, பாத்தியா?"

"வேலைக்கு?"

"உப்புத் தண்ணில வெக்க முடியாது. பத்து நாள் ஆவும். பரவால்ல வுடு."

நான் தரையில் உட்கார்ந்து களிம்பின் மூடியைத் திறந்தேன். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"வோணாக்கா, கலீஜா கீது. நீ தொடாத."

"நேத்து ஃபாதரு முத்தியே செஞ்சாரு. நான் மருந்து போடக் கூடாதா?"

"அவுரு சாமியாருக்கா. நீ போயி என் கால தொடுவியா?"

"உன்ன யாருடா தோல உரிச்சிக்க சொன்னது?"

அவன் களிம்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நீ ஒரு மாசமா எனுக்காவ எல்லார்கிட்டயும் சண்ட போட்டுகினு கீற. அம்மாம் பெரிய கூட்டம், உன் சொந்தக்காரங்கள்லாம் வருவாங்கோ. என் கால பாத்து உனுக்கு அசிங்கமாயிடக் கூடாதுல்ல. அதான்க்கா."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல்தான் வந்தது. அறிவில்லையா, மூளை இருக்கிறதா, சொன்னால் சொன்னதை அளவோடு செய்யத் தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றான். மன்னிச்சுக்கோடா என்ற ஒரு சொல்லைச் சொல்லத்தான் நான் அங்கே போனேன். அது வரவில்லை. திட்டிக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

பாதித் தெரு வந்ததும் கால் நின்றது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவை முத்தி செய்யும் வழிபாடு இருந்தது. லேட்டாகப் போனால் முன்வரிசையில் இடம் கிடைக்காது என்று வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டேன்.